பொம்மை சேகரிப்பவர்களுக்கான கண்ணாடி அலமாரி: அளவெடுப்பது முதல் விளக்கு எரியும் வரை

கடைகளில் ரெடிமேடாகக் கிடைக்கும் ஷோகேஸ் பெரும்பாலும் பீங்கான் கோப்பைக்கும் பரிசுக் கேடயத்துக்கும் கணக்குப் போட்டுச் செய்தது. தட்டுகளின் இடைவெளி ஒரே அளவு, ஆழமும் குறைவு, கதவு நகர்த்தித் திறக்கும் ஸ்லைடிங். அதில் ஒரு அடி உயர ஆக்‌ஷன் ஃபிகரை நிறுத்தினால் தலை தட்டும், நீட்டிய வாள் கதவில் இடிக்கும், சில மாதங்களில் தோளெல்லாம் தூசி படியும். ஆசாரியிடம் சொல்லிச் செய்துகொள்ளுங்கள். மரவேலை பழக்கம் இருந்தால் நீங்களே செய்யுங்கள். இரண்டுக்கும் பொருந்தும்படிதான் இதை எழுதுகிறேன்.

இந்த வேலையில் வரிசைதான் எல்லாம். முதலில் பொம்மை, அடுத்து சட்டம், கடைசியில்தான் கண்ணாடி. மரத்தை இழைத்துக் குறைக்கலாம், ப்ளைவுட்டை இன்னொரு முறை அறுக்கலாம். சூளையில் சூடேற்றி வலுவாக்கிய டஃபன்டு கண்ணாடியில் அரை நூல்கூடக் குறைக்க முடியாது. உற்சாகத்தில் பலர் கண்ணாடிக் கடைக்குத்தான் முதலில் போகிறார்கள். பணம் வீணாவது அங்கேதான்.

பொம்மைகளை அளப்பது

பெட்டியின் மேல் போட்டிருக்கும் ஸ்கேல், அதாவது நிஜ உயரத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்பது, ஒரு தோராயக் கணக்கு தரும். மனித உருவம் 1/12 என்றால் சுமார் 15 செ.மீ., 1/6 என்றால் சுமார் 30 செ.மீ. ஜப்பானிய அனிமே தொடரில் வரும் முதல் கன்டம் ரோபோ கதைப்படி 18 மீட்டர் உயரம். ஆகவே 1/144 மாடல் 12.5 செ.மீ., 1/100 மாடல் 18 செ.மீ., 1/60 மாடல் 30 செ.மீ. வரும். ஆனால் இந்தக் கணக்கை நம்பித் தட்டு போடக் கூடாது. ஸ்டாண்டில் ஏற்றி, எந்த நிலையில் வைக்கப் போகிறீர்களோ அந்த நிலையில் நிறுத்தி, இறக்கை, கேப், ஆயுதம் எல்லாம் சேர்த்து உயரம், அகலம், ஆழம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சமையலறைத் தராசில் எடையும் பாருங்கள். பி.வி.சி. பொம்மை சில நூறு கிராம்தான். ரெசின் சிலை கைக்கு அடக்கமாகத் தெரிந்தாலும் கிலோக் கணக்கில் இழுக்கும்.

அதன்பிறகு தரையில் சாக்பீஸால் 60 × 37 செ.மீ. செவ்வகம் ஒன்று வரையுங்கள். ஒரு தட்டில் வரவேண்டிய பொம்மைகளை அதற்குள் நிறுத்திப் பாருங்கள். பின்வரிசையின் முகம் முன்வரிசைத் தோளுக்கு மேல் தெரிகிறதா, ஒன்றைக் கையால் எடுக்கும்போது பக்கத்தில் இருப்பது சாய்கிறதா என்பதெல்லாம் இங்கேயே தெரிந்துவிடும். தலைக்கு மேல் 6 முதல் 8 செ.மீ. காலியாக இருக்க வேண்டும். உள்ளே கைவிட்டு எடுக்க அந்த இடம் தேவை. இனி வாங்கப் போவதற்கும் சேர்த்து ஒரு தட்டாவது பாதி காலியாக இருக்கும்படி கணக்கிடுங்கள். சேகரிப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கே வைப்பது

வெயில் நேரடியாக விழும் சுவர் வேண்டவே வேண்டாம். சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும், யு.வி.ஏ. பெரும்பாலும் உள்ளே வந்துவிடும். சிவப்பும் ஊதாவும் வெளிறுவதும், வெள்ளை மஞ்சளாவதும் அதனால்தான். மழைக்காலத்தில் ஓதம் காக்கும் வெளிச்சுவரும் ஆகாது. ஹாலில் வேறு இடமே இல்லையென்றால் சுவருக்கும் அலமாரிக்கும் நடுவில் இரண்டு இஞ்ச் இடைவெளி விடுங்கள்.

என்ன பொருளில் செய்வது

முழுக்க முழுக்கக் கண்ணாடியை ஒட்டிச் செய்யும் பெட்டி பார்க்க அழகு. வீட்டுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரு பக்கம் உடைந்தால் மாற்றுவது கஷ்டம், தட்டுகளின் உயரத்தையும் மாற்ற முடியாது. நான்கு மூலையில் தேக்குத் தூண், இரண்டு பக்கமும் கண்ணாடி, பின்னால் ப்ளைவுட், முன்னால் அலுமினிய புரொஃபைல் சட்டத்தில் கண்ணாடிக் கதவு. இந்த அமைப்பைத்தான் இங்கே விவரிக்கிறேன். மாடுலர் கிச்சன் வேலை செய்யும் கடைகளில் புரொஃபைல் கதவு அளவு கொடுத்தால் செய்து கிடைக்கும்.

ப்ளைவுட்டில் ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும்) ரகம் போதும். கீழ்ப்பெட்டிக்கு மட்டும் ஐ.எஸ். 710 மரைன் ப்ளை போட்டால் தரை துடைக்கும் தண்ணீருக்குத் தாங்கும். தேக்கு நன்றாகக் காய்ந்ததாக இருக்கட்டும். பச்சை மரத்தில் தூண் செய்தால் கோடையில் முறுக்கிக்கொள்ளும், கதவு சேராது.

மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்றை யாரும் யோசிப்பதில்லை. மட்டமான பார்ட்டிகிள் போர்டும் எம்.டி.எஃப்.பும் ஃபார்மால்டிஹைடு வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். ஓக் மரம் அசிட்டிக் அமிலம் கக்கும். ஈயப் பொம்மைகளை வெள்ளைப் பொடியாக அரிக்கும் அமிலம் அது. பிரிட்டிஷ் மியூசியத்தில் 1973-இல் ஆண்ட்ரூ ஆடி இதற்கென்றே ஒரு சோதனை வகுத்தார். சந்தேகப்படும் பொருளையும் வெள்ளி, ஈயம், செம்புத் துண்டுகளையும் சிறிது தண்ணீரோடு ஒரு மூடிய குழாயில் வைத்து, 60 டிகிரி சூட்டில் 28 நாள் விட்டு, உலோகம் கறுக்கிறதா, அரிக்கிறதா என்று பார்ப்பார்கள். இன்றைக்கும் அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பெட்டிக்கான பொருளை இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் வீட்டில் அவ்வளவு தேவையில்லை. ஆனால் கண்ணாடி ஓரத்தை அடைக்கும் சிலிக்கோன் பசை வாங்கும்போது நியூட்ரல் கியூர் என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். வினிகர் வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கோன் காயும்போது அதே அசிட்டிக் அமிலத்தைத்தான் விடுகிறது. டை-காஸ்ட் கார், உலோகப் பாகமுள்ள ரோபோ வைத்திருப்பவர்கள் இதில் கட்டாயம் கவனமாக இருக்க வேண்டும்.

அளவுகள்

எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் மட்டும் எழுதுங்கள். ஆசாரி இஞ்ச், நூலில் பேசுவார். கண்ணாடிக் கடையில் மி.மீ. எட்டு நூல் ஒரு இஞ்ச் என்றால் ஒரு நூல் 3.2 மி.மீ.க்குச் சற்றே குறைவு. இரண்டுக்கும் இடையில் மாற்றி மாற்றி எழுதினால் எங்கேயாவது 3 மி.மீ. காணாமல் போகும்.

வெளி அளவு: அகலம் 680, ஆழம் 400, உயரம் 1800. உயரத்தைப் பிரித்தால், தரையிலிருந்து அடிப்பீடம் 80, சாமான் வைக்கும் கீழ்ப்பெட்டி 300, கண்ணாடிப் பகுதி 1360, தலைப்பெட்டி 60. பொம்மைகள் வந்த அட்டைப் பெட்டிகளை மடித்து வைக்கக் கீழ்ப்பெட்டி உதவும். அடிப்பீடம் மாப் தண்ணீர் படாமலிருக்க.

தூண் 40 × 40, நீளம் 1740. ஆகவே முன்பக்கத் தூண்களுக்கு இடையில் 600, பக்கவாட்டில் 320. தட்டு 596 × 370, கனம் 8 மி.மீ. மூன்று தட்டு போட்டால் நான்கு அடுக்கு கிடைக்கும். கீழிருந்து மேலாக 400, 350, 320, 266 என்று நான் வைப்பேன். இதோடு மூன்று தட்டின் கனம் 24 சேர்த்தால் 1360 சரியாக வரும். கீழே 1/6 பொம்மைகளும் கனமான சிலைகளும், மேலே சின்னவை.

தட்டின் நீளத்தை ஏன் 600-இல் நிறுத்தினேன் என்று சொல்ல வேண்டும். அடிக்கு இத்தனை கிலோ என்ற பளு மாறாமல் இருக்கும்போது, கண்ணாடியின் தொய்வு நீளத்தின் நான்காம் படியில் ஏறும். இரண்டடித் தட்டை மூன்றடியாக்கினால் நீளம் ஒன்றரை மடங்குதான், தொய்வோ ஐந்து மடங்கு. கனத்தைக் கூட்டினால் விறைப்பு மூன்றாம் படியில் ஏறும், 6 மி.மீ.யை 8 ஆக்கினால் ஏறக்குறைய 2.4 மடங்கு. கண்ணாடி எவ்வளவு விறைப்பு என்று சொல்லும் மீட்சிக் கெழுவை 70 கிகாபாஸ்கல் என்று வைத்துக் கணக்குப் போட்டால், நாம் சொன்ன தட்டு 10 கிலோவைப் பரவலாக ஏற்றினாலும் அரை மில்லிமீட்டர்கூடத் தொய்யாது. நான்கடி அகலம் வேண்டும் என்பவர்கள் நடுவில் ஒரு ஜோடித் தூண் போட்டு இரண்டு அறையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சட்டம்

முன் தூணும் பின் தூணும் ஒன்றையொன்று பார்க்கும் முகத்தில், நடுவாக, 7 மி.மீ. அகலம் 10 மி.மீ. ஆழத்தில் காடி (நீளப் பள்ளம்) எடுக்க வேண்டும். 5 மி.மீ. கண்ணாடி அதில் மேலிருந்து இறங்கும். கண்ணாடிப் பகுதியின் அடித்தளப் பலகையிலும், தலைப்பெட்டியின் அடிப்பக்கத்திலும் அதே நேர்கோட்டில் காடி வேண்டும். அடித்தளம் 18 மி.மீ. ப்ளை. நான்கு மூலையிலும் 40 மி.மீ. சதுரம் வெட்டித் தூண்களுக்கு வழி விடுங்கள்.

தலைப்பெட்டியை ஃபெவிகால் போட்டு ஒட்டிவிடாதீர்கள். ஸ்க்ரூ மட்டும் போடுங்கள். பின்னொரு நாள் பக்கக் கண்ணாடி உடைந்தால், தலையைக் கழற்றிப் புதியதை இறக்கிவிடலாம்.

தட்டு தாங்கும் குமிழ்களுக்கான துளைகளைச் சட்டம் சேர்க்கும் முன்பே போட்டுவிட வேண்டும். நான்கு தூண்களையும் ஒன்றாகப் படுக்கவைத்து, அடிப்பக்கத்தைச் சமமாக்கி, கிளாம்ப் போட்டு, மூலைமட்டம் வைத்து நான்கின் மேலும் ஒரே கோடாக இழுங்கள். ஒவ்வொரு தூணையும் தனித்தனியாக அளந்து குறித்தால் ஒரு குமிழ் 1 மி.மீ. இறங்கி நிற்கும். கண்ணாடித் தட்டு மூன்று காலில்தான் உட்காரும், தொட்டால் டக் டக்கென்று ஆடும். 32 மி.மீ.க்கு ஒரு துளை என்று வரிசையாகப் போட்டுவைத்தால் பிறகு அடுக்கின் உயரத்தை மாற்றிக்கொள்ளலாம்.

பின்பலகை 12 மி.மீ. ப்ளை, தூண்களின் பின்னாலிருந்து ஸ்க்ரூ. இது வெறும் மறைப்பு இல்லை. இரண்டு பக்கமும் கண்ணாடி, முன்னால் கதவு என்ற அமைப்பில் சட்டம் பக்கவாட்டில் சாயாமல் பிடித்திருப்பது இது ஒன்றுதான். ஸ்க்ரூ போடும் முன் முன்சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 2 மி.மீ.க்கு மேல் இருந்தால் நீளமான மூலைவிட்டத்தைக் கிளாம்ப் வைத்து அமுக்கிச் சரிசெய்த பிறகே பலகையை முடுக்குங்கள்.

பின்பலகையில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒட்டலாமா என்று பலரும் கேட்பார்கள். பொம்மையின் முதுகு தெரியும், இடம் பெரிதாகத் தோன்றும். ஆனால் எதிரே இருக்கும் சோபா, ஃபேன், நீங்கள் எல்லாரும் உள்ளே தெரிவீர்கள். மங்கலான சாம்பல் நிற மைக்காதான் என் தேர்வு. எந்த நிறப் பொம்மையும் அதன்முன் எடுப்பாக நிற்கும்.

பாலிஷ் அடித்தபின் இரண்டு மூன்று வாரமாவது திறந்தே கிடக்கட்டும். வாடை முழுதும் போகாமல் பொம்மையை உள்ளே வைத்துப் பூட்டக் கூடாது.

கண்ணாடிக்கு ஆர்டர் கொடுப்பது

இப்போதுதான் கண்ணாடிக் கடை. வரைபடத்தில் உள்ள அளவைக் கொடுக்காதீர்கள். முடிந்து நிற்கும் சட்டத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, அதில் சிறியதை எடுத்து, அதிலிருந்து இடைவெளியைக் கழியுங்கள். நம் கணக்குப்படி பக்கக் கண்ணாடி 336 × 1374, கனம் 5. காடிக்குள் இரு ஓரமும் 8 மி.மீ. நுழையும், 2 மி.மீ. காலியாக இருக்கும். வெயிலுக்கும் மழைக்கும் மரம் சுருங்கி விரிய அந்த 2 மி.மீ. தேவை. கதவு 676 × 1356 வெளி அளவில் புரொஃபைல் சட்டம், உள்ளே 4 மி.மீ. கண்ணாடி.

எல்லாமே டஃபன்டு கண்ணாடியாக இருக்கட்டும். சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு வலு. உடைந்தாலும் கத்திபோல் சில்லு பாயாமல் சின்னச் சின்னத் துணுக்காக உதிரும். குழந்தைகள் ஓடும் வீட்டில் இது கட்டாயம். வரும்போது ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஐ.எஸ். 2553 பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தர எண். சூளையில் ஏற்றிச் சட்டென்று குளிரவைப்பதில் மேற்பரப்பு அமுக்கத்திலும் உட்பகுதி இழுவையிலும் உறைந்துபோகிறது. வலு வருவது அதனால்தான். ஆனபின் துளையோ வெட்டோ போட்டால் முழுக் கண்ணாடியும் நொறுங்குவதும் அதனால்தான். பூட்டுக்கான துளை, ஓரம் தேய்த்து மெருகேற்றுவது எல்லாவற்றையும் சூளைக்குப் போகும் முன்பே சொல்லிவிட வேண்டும். தட்டுகளுக்கு நான்கு ஓரமும் மெஷின் பாலிஷ் என்று ஆர்டர் தாளில் எழுதி வாங்குங்கள்.

சாதாரணக் கண்ணாடியின் ஓரம் பச்சையாகத் தெரிவது அதிலுள்ள இரும்பால். இரும்பு குறைந்த எக்ஸ்ட்ரா கிளியர் ரகம் விலை அதிகம். எல்லாவற்றுக்கும் அது வேண்டாம். கதவுக்கு மட்டும் போட்டால் போதும், பொம்மையின் நிறம் உள்ளபடி தெரியும்.

எடை: ஒரு சதுர மீட்டருக்கு ஒவ்வொரு மி.மீ. கனத்துக்கும் 2.5 கிலோ. பக்கங்கள் இரண்டும் 11.5, தட்டு மூன்றும் 13, கதவுக் கண்ணாடி 9. ஆக மொத்தம் 34 கிலோவுக்கு நெருக்கம். இதை மனதில் வைத்துத்தான் சுவரில் பிடிப்பு போட வேண்டும்.

பொருத்துவது

வீட்டுக்கு வந்த டஃபன்டு கண்ணாடியை டைல்ஸ் தரையில் நிறுத்தாதீர்கள். அதன் முகத்தில் கைமுட்டியால் தட்டினால்கூட ஒன்றும் ஆகாது. மூலை மட்டும் டைல்ஸில் லேசாகக் குத்தினால் போதும், ஒரே சத்தத்தில் மொத்தமும் உதிர்ந்துவிடும். கோணியோ மடித்த அட்டையோ விரித்து, நீள ஓரம் கீழே வரும்படி சாய்த்து வையுங்கள். கையுறையும் செருப்பும் போட்டுக்கொண்டு, இரண்டு பேராகத் தூக்குங்கள்.

முதலில் அலமாரியை அதன் இடத்தில் நிறுத்தி, ரசமட்டம் வைத்து, அடியில் ஆப்பு கொடுத்து மட்டப்படுத்த வேண்டும். பின் தூண்களின் மேல்முனையில் இரண்டு எல் கிளாம்ப் போட்டுச் சுவரில் ரவல் பிளக் வைத்து முடுக்குங்கள். அதன்பிறகே, தலைப்பெட்டியைக் கழற்றிவைத்துவிட்டுக் கண்ணாடி. அடிக்காடியில் 3 மி.மீ. ரப்பர் துண்டு இரண்டு இரண்டாகப் போட்டு, பக்கக் கண்ணாடியை மேலிருந்து மெல்ல இறக்குங்கள். கண்ணாடி மரத்தை எங்கும் நேரடியாகத் தொடக் கூடாது. தலைப்பெட்டியை மூடி முடுக்கியபின், காடியின் உள்ஓரத்தில் மெல்லிய கோடாக நியூட்ரல் சிலிக்கோன் போட்டால் ஆட்டமும் நிற்கும், தூசியும் நிற்கும். கடைசியில் ரப்பர் தலையுள்ள குமிழ்களில் தட்டுகள். தட்டுக்கும் பக்கக் கண்ணாடிக்கும் நடுவில் சின்ன இடைவெளி இருக்கும். அதை அடைக்காதீர்கள், காற்று அதன் வழியாகத்தான் இறங்கும்.

கதவுக்கு நான்கு கீல். சாஃப்ட் குளோஸ் ரகமாக வாங்குங்கள். படாரென்று மூடும் கதவு ஒற்றைக்காலில் நிற்கும் பொம்மையைக் கீழே தள்ளிவிடும். கதவு வந்து உட்காரும் தூணின் முன்முகத்தில், சுற்றிலும் சிலிக்கோன் ரப்பர் பட்டை ஒட்ட வேண்டும். ஸ்லைடிங் கதவை நான் ஒதுக்குவதற்குக் காரணம் இதுதான். இரண்டு கண்ணாடி ஒன்றையொன்று கடக்க நடுவில் சந்து இருந்தே ஆக வேண்டும், தூசிக்கு அந்தச் சந்து போதும்.

விளக்கு

தலைக்கு மேலிருந்து மட்டும் வெளிச்சம் வந்தால் புருவத்தின் நிழல் கண்ணில் விழும். மேல் தட்டிலுள்ள பீடங்கள் கீழ்த் தட்டுகளை இருட்டாக்கும். ஆகவே முன் தூண்கள் இரண்டின் உட்பக்கத்தில் செங்குத்தாக எல்.இ.டி. பட்டை, பால்நிற மூடியுள்ள அலுமினியப் பட்டைக்குள். ஒளி உள்நோக்கிச் சாய்ந்து விழ வேண்டும், பார்ப்பவர் கண்ணில் அடிக்கக் கூடாது. ஒளியின் நிறம் 4000 கெல்வின், நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதைச் சொல்லும் சி.ஆர்.ஐ. 90-க்கு மேல் என்று கேட்டு வாங்குங்கள். சி.ஆர்.ஐ. குறைந்த பட்டையின்கீழ் தோல் நிறம் நோய்ப்பட்டதுபோல் தெரியும்.

ஒரு தூணுக்கு 1.3 மீட்டர், இரண்டுக்கு 2.6. மீட்டருக்கு 9.6 வாட் பட்டை என்றால் 25 வாட். பட்டைக்கு மின்சாரம் தரும் டிரைவரின் திறனில் எண்பது சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. 12 வோல்ட் 3 ஆம்பியர், அதாவது 36 வாட் டிரைவர் சரியாக இருக்கும். அதைப் பொம்மைகள் இருக்கும் அறைக்குள் வைக்காதீர்கள். தலைப்பெட்டிக்குள், பின்புறம் திறப்பு விட்டு வையுங்கள். சூடு மேலே போய்விடும். டிம்மர் ஒன்று போட்டுக்கொண்டால் பாதி வெளிச்சத்திலேயே போதும் என்பது தெரியும். 230 வோல்ட் இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

உள்ளே வைத்த பிறகு

பி.வி.சி.யை மென்மையாக்கச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் சூட்டில் மேலே கசியும். காற்றே புகாத பெட்டிக்குள் அது பொம்மையின் மேலேயே தங்கிப் பிசுபிசுக்கும், அதில் தூசி ஒட்டும். தூசி வராமலும் இருக்க வேண்டும், காற்றும் போக வேண்டும். பின்பலகையின் அடியிலும் தலையிலும் இரண்டிரண்டு துளை, 25 மி.மீ. விட்டத்தில் போட்டு, உட்பக்கம் ஏ.சி. ஃபில்டர் துணி ஒட்டிவிடுங்கள். வாரம் ஒருமுறை கதவை அரைமணி நேரம் திறந்து வைத்தால் இன்னும் நல்லது. ஏற்கெனவே பிசுபிசுத்தவற்றை வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் லிக்விட் ஒரு சொட்டு விட்டு, மென்மையான பிரஷ்ஷால் கழுவி நிழலில் உலர்த்தினால் போதும். தின்னர், ஸ்பிரிட் கிட்டேயே போகக் கூடாது, பெயின்ட் போய்விடும்.

சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஈரப்பதம்தான் பெரிய தொல்லை. ஈரப்பதம் காட்டும் சின்ன ஹைக்ரோமீட்டர் ஒன்றை மூலையில் வையுங்கள். 60 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் சிலிக்கா ஜெல் பை போட்டு, நிறம் மாறியதும் சூடேற்றி மறுபடி பயன்படுத்தலாம். கீழ்ப்பெட்டியில் இருக்கும் அட்டைப் பெட்டிகளுக்கும் ஒரு பை தேவை, பூஞ்சை முதலில் பிடிப்பது அட்டையைத்தான்.

கோடையில் மெல்லிய கணுக்கால் உள்ள பொம்மைகள் முன்னால் சாயும். அவற்றுக்கு இடுப்பைத் தாங்கும் கம்பி ஸ்டாண்ட் கொடுங்கள். பீடம் நகராமல் இருக்க மியூசியம் வேக்ஸ் கடுகளவு போதும்.

இதே அலமாரியில் கொலுப் பொம்மைகளை வருடம் முழுக்க வைக்க நினைப்பவர்கள் இரண்டை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். மண் பொம்மை கனம், ஆகவே தட்டின் நீளத்தை 600-க்கு மேல் எக்காரணம் கொண்டும் போகவிடாதீர்கள். காகிதக்கூழ் பொம்மைக்கு ஈரம் ஆகவே ஆகாது, சிலிக்கா ஜெல் இரட்டிப்பாகப் போடுங்கள். கண்ணாடி துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளித்துத் துடையுங்கள். கண்ணாடிமேல் நேராக அடித்தால் சாரல் பொம்மையின் வண்ணத்தில் புள்ளி புள்ளியாக விழும்.